கால்பந்து கிளப்பில் உடல்திறன் டேட்டா வேலை: எப்படி நுழைவது, நுழைந்தபின் எப்படிப் பிழைப்பது

என் முதல் சீசனில் எங்கள் சென்டர் பேக் ஒருவர் மணிக்கு 61 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினார். 2009-ல் பெர்லினில் உலக சாதனை ஓட்டம் ஓடியபோது உசைன் போல்ட் தொட்ட உச்ச வேகமே 44 சொச்சம்தான். நடந்தது என்னவென்றால், வெளியூர் மேட்ச் முடிந்ததும் மனுஷன் வெஸ்ட்டைக் கழற்றாமல் அப்படியே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார், முதுகில் இருந்த ஜிபிஎஸ் கருவி பஸ்ஸின் வேகத்தையும் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டது. எல்லோரும் சிரித்தோம், அந்தப் பகுதியை வெட்டி எறிந்தோம், முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. அதே ஆள் பயிற்சி முடிந்து யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு ஜிம் பக்கம் மிதித்துப் போயிருக்கிறார், அது 27 என்று பதிவாகியிருக்கிறது. 27 ஒரு சென்டர் பேக் ஓடக்கூடிய வேகம்தானே, அதனால் என் கண்ணில் படவில்லை. அறிக்கையில் ஸ்பிரிண்ட் தூரம் வழக்கத்தைவிட அதிகம் என்று போனது, அதைப் பார்த்து மறுநாள் அவருடைய ஓட்டத்தைக் குறைத்தார்கள், கடைசியில் அந்த வாரம் முழுக்க ஒருமுறைகூட முழு வேகத்தில் ஓடாமலே அவர் சனிக்கிழமை மேட்சுக்குப் போனார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் எந்த மாடல் கற்றுக்கொள்ளலாம், நியூரல் நெட்வொர்க் தேவையா என்றுதான் தொடங்குகிறார்கள். நான் சைக்கிளில் தொடங்குகிறேன். ஒரு எண் எவ்வளவு தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்துகொண்டு பேசுகிறவருக்குத்தான் இங்கே சம்பளம். நான் இங்கிலாந்தில் இரண்டாம் அடுக்கு கிளப் ஒன்றில் இருக்கிறேன், கீழே சொல்வதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தது.

முதலில், இது எந்த டேட்டா?

கால்பந்தில் டேட்டா என்றதும் பாஸ், ஷாட், எக்ஸ்ஜி (ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பைச் சொல்லும் எண்) என்று நினைப்பீர்கள். அது வேறு அறை. அங்கே இருப்பவர்கள் யாரை வாங்கலாம், எதிரணி எப்படி ஆடும் என்று பார்க்கிறார்கள். நம்முடையது உடம்பு: எவ்வளவு ஓடினார், எவ்வளவு வேகமாக, எத்தனை முறை சட்டென்று நின்று திரும்பினார், நாளைக்கு எவ்வளவு தாங்குவார். பக்கத்தில் இருப்பவர்கள் ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்ட், ஃபிட்னஸ் கோச், ஃபிசியோ, டாக்டர். வெஸ்ட்டை மாட்டிவிடுவது ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்ட், அதிலிருந்து டேட்டா இறங்கியபிறகு வருவதெல்லாம் உங்கள் பொறுப்பு. சின்ன கிளப் என்றால் இரண்டும் நீங்களே, கூடவே தண்ணீர் பாட்டிலும் தூக்குவீர்கள்.

வரும் டேட்டா பல இடங்களிலிருந்து வருகிறது. கேட்டபுல்ட், ஸ்டேட்ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் கருவி தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும், அதில் ஜிபிஎஸ் பொதுவாக நொடிக்கு 10 முறை, உள்ளே இருக்கும், முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் நொடிக்கு 100 முறை அல்லது அதற்கு மேல். 2015-ல் விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அனுமதித்தபிறகுதான் இதைப் போட்டியிலும் அணிய முடிந்தது, அதற்கு முன் பயிற்சியில் மட்டும். மேட்சுக்கு மைதானத்தின் கேமராக்கள் தனியாக ஒரு டேட்டா தரும், நொடிக்கு 25 படம் வீதம். 22 பேர், 90 நிமிடம் என்று பெருக்கினால் ஒரு மேட்சுக்கே சுமார் 30 லட்சம் புள்ளிகள், பந்தைச் சேர்க்காமல். இதற்கு மேல், தரையை உதைக்கும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டில் குதிக்கும் சோதனை, ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசையின் பலத்தை அளக்கும் சோதனை, காலையில் போனில் நிரப்பும் தூக்கம்-வலி கேள்விகள், பயிற்சி முடிந்ததும் "இன்று எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எவ்வளவு" என்று கேட்கும் ஆர்பிஇ. பத்துக்கு ஏழு என்றால், அந்த ஏழைப் பயிற்சி நடந்த 90 நிமிடத்தால் பெருக்கினால் 630, அதுதான் அன்றைய சுமை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரபலமாக்கிய கணக்கு. பைசா செலவில்லாத இந்த எண், விலை உயர்ந்த பல எண்களோடு போட்டி போடும் என்பது உள்ளே வந்தபின் தெரியும்.

பிழை எங்கிருந்து வருகிறது

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நேர்காணலிலும் சரி, வேலையிலும் சரி, ஆளைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

கேமரா டேட்டாவில் வேகம் என்று ஒன்று நேரடியாகக் கிடையாது. இருப்பிடம்தான் இருக்கும், எக்ஸ், ஒய் என்று. இரண்டு படங்களுக்கு இடையே உள்ள தூரத்தை 0.04 நொடியால் வகுத்து வேகத்தை எடுக்க வேண்டும். இப்போது ஒரு படத்தில் ஆளின் இருப்பிடம் வெறும் 10 சென்டிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1-ஐ 0.04-ஆல் வகுத்தால் நொடிக்கு 2.5 மீட்டர், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். ஆள் அசையாமல் நின்றுகொண்டிருப்பார், உங்கள் ஃபைலில் மெதுவாக ஜாகிங் போய்க்கொண்டிருப்பார். முடுக்கம் வேண்டுமென்றால் இன்னொருமுறை வகுக்கிறீர்கள், பிழை இன்னும் ஊதும். அதனால்தான் சாவிட்ஸ்கி-கோலே, பட்டர்வொர்த் மாதிரி ஒரு ஃபில்டரைப் போட்டு மிருதுவாக்குகிறோம். அங்கேயும் சிக்கல் உண்டு, அதிகமாக மிருதுவாக்கினால் உண்மையான ஸ்பிரிண்ட்டின் உச்சியும் சேர்ந்து மழுங்கிவிடும். எவ்வளவு மிருதுவாக்குவது என்பது நீங்கள் எடுக்கும் முடிவு, அதை எங்கேயாவது எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து "போன சீசனைவிட இந்த சீசன் ஸ்பிரிண்ட் கூடியிருக்கிறதே" என்று யாராவது மகிழ்ச்சியாகக் கேட்கும்போது, மாறியது ஆட்டக்காரர்களா உங்கள் ஃபில்டரா என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இதே கூத்து ஜிபிஎஸ்ஸிலும் உண்டு. நிறுவனம் சாஃப்ட்வேரை அப்டேட் செய்தால் முடுக்கங்களின் எண்ணிக்கை ஒரே இரவில் மாறிவிடலாம், ஆட்டக்காரர் யாரும் எதுவும் செய்யாமலே. உயரமான கூரை கொண்ட ஸ்டேடியத்தில் வானம் குறைவாகத் தெரியும், செயற்கைக்கோள்கள் குறைவாகச் சிக்கும், எண்கள் தள்ளாடும். ஒரே மாடல் கருவிகளுக்குள்ளேயே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்பதால் ஒருவருக்கு சீசன் முழுக்க ஒரே கருவியைத்தான் கொடுக்க வேண்டும். உடைமாற்றும் அறையில் யாராவது அவசரத்தில் பக்கத்து வெஸ்ட்டை மாட்டிக்கொண்டால் உங்கள் விங்கருடைய டேட்டா கோல்கீப்பர் பெயரில் வரும். அது கண்டுபிடிக்கச் சுலபம். இரண்டு மிட்ஃபீல்டர்கள் மாற்றிக்கொண்டால்தான் தலைவலி.

அப்புறம், பயிற்சியில் ஜிபிஎஸ், மேட்சில் கேமரா என்றால் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டாதீர்கள். ஒரே ஓட்டத்துக்கு இரண்டும் வேறு வேறு தூரம் சொல்லும். சில மேட்சுகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சமன்பாட்டை உங்கள் கிளப்புக்கென்றே போட்டுவைக்க வேண்டும். சலிப்பான வேலைதான், யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் நான் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

"இவன் ஏன் கம்மியா ஓடினான்?"

இந்தக் கேள்வி ஞாயிறு காலை வரும். பதில் சொல்லும் முன் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை சில.

மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேல் அதிவேக ஓட்டம், 25.2-க்கு மேல் ஸ்பிரிண்ட், இதுதான் பரவலாகப் புழங்கும் எல்லை. நொடிக்கு 5.5 மீட்டர், 7 மீட்டர் என்பதன் வேறு உருவம், அவ்வளவுதான், புனிதமான எண்கள் இல்லை. 35 வரை போகக்கூடிய விங்கருக்கு 25 என்பது முக்கால் வேகம்கூட இல்லை, 30-ஐத் தாண்டாத டிஃபெண்டருக்கு அது கிட்டத்தட்ட முழு மூச்சு. எனவே பொது எல்லையோடு அவரவர் உச்ச வேகத்தின் சதவீதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மேட்சுக்கு மேட்ச் தானாகவே வரும் ஏற்றத்தாழ்வு. பிரீமியர் லீக் டேட்டாவை வைத்து 2010-ல் கிரெக்சன் குழுவினர் காட்டியது: ஒரே ஆட்டக்காரருக்கே அதிவேக ஓட்டத்தில் சுமார் 16 சதவீதம், ஸ்பிரிண்ட்டில் சுமார் 30 சதவீதம் மாறுபாடு சகஜம். அப்படியென்றால் போன வாரம் 900 மீட்டர், இந்த வாரம் 780 மீட்டர் என்பதை வைத்து யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. எதிரணி பின்னால் குவிந்து நின்றிருக்கலாம், நாம் 20-வது நிமிடத்திலேயே இரண்டு கோல் முன்னே போயிருக்கலாம், யாரோ சிவப்பு அட்டை வாங்கியிருக்கலாம். கூட்டல் நேரத்தையும் மறக்காதீர்கள். 2022 உலகக் கோப்பையில் நடுவர்கள் வீணான நேரத்தைத் தாராளமாகத் திருப்பித் தரத் தொடங்கியபிறகு ஒரு மேட்ச் 100 நிமிடத்தைத் தாண்டுவது அதிசயமில்லை, அதனால் மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடாமல் நிமிடக் கணக்கில், முடிந்தால் பந்து ஆட்டத்தில் இருந்த நிமிடக் கணக்கில் ஒப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் புள்ளியியலில் மிக்ஸ்டு மாடல்தான் கை கொடுக்கும், ஏனென்றால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறார், அவருக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது, ஆடும் இடத்துக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதை உருப்படியாகக் கற்றால் வேலையில் வரும் கேள்விகளில் பாதிக்குமேல் சமாளித்துவிடலாம். ஆனால் பயிற்சியாளரிடம் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். "அவருடைய வழக்கமான வரம்புக்குள்தான் இருக்கிறது, கோச்" என்றால் போதும்.

காயத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எல்லா கிளப் உரிமையாளருக்கும் இந்த ஆசை உண்டு, ஆசைக்குக் காரணமும் உண்டு. ஐரோப்பியப் பெரிய கிளப்புகளில் 2001-லிருந்து நடக்கும் யூஈஎஃப்ஏ ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 12 சதவீதத்திலிருந்து 2021-22 சீசனில் 24 சதவீதமாக ஏறியிருந்தது.

ஒரு காலத்தில் எல்லோரும் ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்: இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுப்பது. இதன் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று ஆஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளர்களை வைத்துச் செய்தது, எனவே கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் புரியாத விஷயமில்லை, திடீரென்று ஓவர்களை ஏற்றினால் முதுகு போகும் என்பதுதான். 2016-ல் டிம் கேபெட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 0.8-லிருந்து 1.3 வரை பாதுகாப்பு, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று சுவர்களில் வண்ணம் பூசினார்கள். பின்னர் ஃபிராங்கோ இம்பெல்லிசெரி முதலானவர்கள் அந்த விகிதத்தின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது என்று வரிசையாக எழுதினார்கள். என் கருத்து: சுமையைச் சட்டென்று ஏற்றாதே என்பது சரியான புத்தி, அதற்கு ஒரு மந்திர எண் இருக்கிறது என்பது சரியல்ல.

மாடல் போட்டே தீருவேன் என்றால் ஒரு மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். 25 பேர், 200 நாள், ஆக 5,000 ஆள்-நாட்கள். அதில் எட்டு ஹாம்ஸ்ட்ரிங் காயம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடல் பத்து சதவீத நாட்களில் எச்சரிக்கிறது, எட்டில் ஆறைப் பிடித்தும்விடுகிறது. கேட்க அற்புதமாக இருக்கிறது, இல்லையா? 500 எச்சரிக்கையில் 494 வெறும் கூச்சல். இரண்டாவது வாரமே பயிற்சியாளர் உங்கள் ஈமெயிலைத் திறப்பதை நிறுத்திவிடுவார்.

இந்த டேட்டா நிஜமாகவே உதவுவது காயம் பட்டபின். ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்து ஐந்து வாரம் வெளியே இருந்த ஒருவரைத் திரும்பக் கொண்டுவரும்போது, அவருடைய சொந்த மேட்ச் அளவு என்ன, ஒரு வழக்கமான வாரத்தில் எவ்வளவு அதிவேக ஓட்டம் ஓடுவார், உச்ச வேகம் எவ்வளவு என்பதெல்லாம் உங்களிடம் இருக்கும். அதை வைத்து ஃபிசியோவோடு உட்கார்ந்து பின்னாலிருந்து முன்னோக்கித் திட்டம் போடலாம். எங்கள் லெஃப்ட் பேக் ஒருவருக்கு அப்படிச் செய்தோம். வலி இல்லை, பலம் திரும்பிவிட்டது, அவரும் ஆடுகிறேன் என்கிறார், ஆனால் வெளியே ஓட ஆரம்பித்ததிலிருந்து அவருடைய உச்ச வேகத்தில் 84 சதவீதத்தைத் தாண்டவே இல்லை என்று டேட்டா காட்டியது. ஃபிசியோவுக்கு அந்த ஒரு வரி போதும். இன்னும் ஆறு நாள் எடுத்து, 90-ஐத் தாண்டவைத்து, அதற்குப் பிறகே அணியோடு சேர்த்தார்கள். நான் போட்டது ஒரே ஒரு வரைபடம்.

அதேபோல் மாற்று ஆட்டக்காரர்கள். ஐந்து மாற்று என்பது 2022-லிருந்து நிரந்தர விதி, அதனால் ஒவ்வொரு மேட்சிலும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆடி வாரம் முழுக்கப் போதுமான ஓட்டமில்லாமல் சுற்றும் ஆட்கள் அதிகம். மேட்ச் முடிந்த மைதானத்திலேயே அவர்களை ஓடவைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். யார் எவ்வளவு ஓட வேண்டும் என்ற பட்டியல் விசில் அடித்த பத்தாவது நிமிடத்தில் கையில் இருக்க வேண்டும். அதைத் தருபவர் நீங்கள்.

ஒரு சாதாரண நாள்

சனிக்கிழமை மேட்ச் என்றால் நாட்களை அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள், செவ்வாய் எம்டி மைனஸ் 4, வெள்ளி எம்டி மைனஸ் 1 (எம்டி என்றால் மேட்ச் டே). செவ்வாய் சின்ன இடத்தில் நிற்பதும் திரும்புவதுமாக, புதன் பெரிய இடத்தில் நீண்ட ஓட்டமாக, அப்புறம் மெல்ல இறக்குவார்கள். கிளப்புக்குக் கிளப் மாறும்.

ஏழரைக்கு உள்ளே இருப்பேன். எட்டரைக்கு மீட்டிங், யார் முழுப் பயிற்சி, யார் பாதி, யார் ஜிம் என்று முடிவாகும். அதற்குள் நேற்றைய டேட்டா சுத்தமாகி, காலைக் கேள்விகளுக்கு வந்த பதில்கள் சேர்ந்து, ஒரு பக்கம் பிரிண்ட் ஆகியிருக்க வேண்டும். ஆமாம், பிரிண்ட். முதல் வருடம் மூன்று மாதம் உழைத்து ஒரு டேஷ்போர்டு செய்தேன், பன்னிரண்டு டேப், எதைத் தொட்டாலும் விரியும். ஃபிட்னஸ் கோச் அதை இரண்டு முறை திறந்தார், அதில் ஒருமுறை தவறுதலாக. இப்போது ஒரு ஏ4 தாள், நான்கு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மீதி 21 பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதும் தகவல்தானே.

என்ன கற்க வேண்டும், எங்கே பழக வேண்டும்

பைத்தான் அல்லது ஆர், ஏதாவது ஒன்று, சண்டை வேண்டாம். எஸ்க்யூஎல் கட்டாயம். ஏபிஐ வழியாகத் தினமும் டேட்டாவை இழுத்து, சரிபார்த்து, அடுக்கி வைக்கும் பைப்லைன் போடத் தெரிய வேண்டும், ஏனென்றால் நேரத்தில் முக்கால்வாசி அங்கேதான் போகிறது. கூடவே உடலியல் அடிப்படை: தசை எப்படிச் சோர்கிறது, ஏன் வேகத்தைக் குறைப்பது ஏற்றுவதைவிடத் தசையைச் சேதப்படுத்தும், இந்த அளவுக்காவது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படித்தவர்கள் முந்தையதை விட்டுவிடுகிறார்கள்.

பழக டேட்டா இல்லையே என்று சொல்லாதீர்கள். மெட்ரிகா ஸ்போர்ட்ஸ் சில மேட்சுகளின் டிராக்கிங் டேட்டாவை, அதாவது மேலே சொன்ன இருப்பிட டேட்டாவை, பெயர்களை மறைத்து இலவசமாக வைத்திருக்கிறது, ஸ்கில்கார்னரும் ஒளிபரப்பிலிருந்து எடுத்த டேட்டாவைத் திறந்துவிட்டிருக்கிறது, வெவ்வேறு வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர குளோப்பி என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. யூடியூபில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் டிராக்கிங் என்ற பெயரில் 2020-ல் டேவிட் சம்ப்டர், லாரி ஷா முதலானவர்கள் நடத்திய பாடங்கள் அப்படியே கிடக்கின்றன. சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்தே எல்லாம் செய்யலாம்.

ஆனால் இன்னொரு பாஸ் மேப் போடாதீர்கள். ஒரு மெட்ரிகா மேட்சை எடுத்து, மூன்று வேறு ஃபில்டர் போட்டு, ஸ்பிரிண்ட் எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் எப்படி மாறுகிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். அதைப் படிக்கும் கிளப்காரர் கண்டிப்பாக நிமிர்ந்து உட்காருவார். முடிந்தால் பக்கத்தில் இருக்கும் கல்லூரி அணிக்கோ அகாடமிக்கோ போய் ஆர்பிஇ மட்டுமாவது ஒரு சீசன் சேகரியுங்கள். 18 பையன்களிடம் தினமும் ஒரு எண்ணை வாங்குவது எவ்வளவு கஷ்டம், மூன்றாவது வாரத்திலிருந்து எல்லோரும் "ஆறு" என்று ஏன் சொல்கிறார்கள், அதெல்லாம் எந்த வகுப்பிலும் வராது.

நுழையும் வழி பெரும்பாலும் அகாடமி, பெண்கள் அணி, அல்லது எம்எஸ்சியோடு சேர்ந்த பிளேஸ்மென்ட், அதாவது படிப்பின் பகுதியாகக் கிளப்பில் செய்யும் பயிற்சிக் காலம். சம்பளம் ஐடி கம்பெனியில் இதே திறமைக்குக் கிடைப்பதைவிடக் குறைவு, வார இறுதி உங்களுடையதல்ல, பயிற்சியாளர் போனால் அவர் கூட்டி வந்த கூட்டமும் போகும். தெரிந்துகொண்டே வாருங்கள்.

இன்னொன்று, இது ஆட்டக்காரரின் உடல்நலத் தகவல். ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற டேட்டா பாதுகாப்புச் சட்டப்படி தனிப் பாதுகாப்பு உள்ள வகை. ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது மேலிடத்திலிருந்து யாராவது "அவனுடைய மூன்று வருட ஓட்டத்தை ஒரு ஷீட்டில் போட்டுக்கொடு" என்று கேட்பார்கள். எதற்குச் சேகரித்தோமோ அதற்கு வெளியே இது போகிறது என்று சொல்லி, டாக்டரையும் டேட்டா பாதுகாப்பு அலுவலரையும் ஈமெயிலில் சேர்த்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை இது நடந்தது, சேர்த்தவுடன் கேட்டவர் பதிலே போடவில்லை.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு சிஎஸ்வி ஃபைல் கொடுத்து, மறுநாள் பயிற்சியாளருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வார்கள். ஃபைலில் வேண்டுமென்றே ஒரு குப்பை இருக்கும், பாதி நேரம் பதிவாகாத ஒரு ஆள், 40-ஐத் தாண்டும் ஒரு வேகம், இப்படி. முதலில் அதைத் தேடுங்கள், கண்டுபிடித்ததை அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் எழுதுங்கள். கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். என்ன சாஃப்ட்வேர் என்று கேட்காதீர்கள். என் மேஜை எங்கே இருக்கும் என்று கேளுங்கள். ஃபிசியோ அறைக்குப் பக்கத்தில் என்றால் சேரலாம். நிர்வாகக் கட்டடத்தில் மூன்றாவது மாடி என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு யோசியுங்கள்.